1964 என்று விற்கப்பட்ட பேஸ் கிட்டார்: விற்றவர் எழுதிய சொற்களைப் பத்திரப்படுத்துங்கள்

வடமேற்கு லண்டனிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகருக்கு வயது 43. வார நாட்களில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார்; சனி, ஞாயிறுகளில் திருமணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று தமிழ் நிகழ்வுகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். கடந்த ஜனவரியில் இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, 1964ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றை 9,200 பவுணுக்கு வாங்கினார். "முழுக்க அசல், எவரும் கை வைக்காதது, தனிப்பட்ட விற்பனை, திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்பது விளம்பரத்தின் வாசகம். பணத்தை வங்கி மூலம் அனுப்பிவிட்டு, ஜனவரி 18 அன்று விற்றவரின் வீட்டுக்கே போய்க் கிட்டாரை எடுத்து வந்திருக்கிறார்.

ஜூன் தொடக்கத்தில் வால்யூமைத் திருகும்போது கரகரப்புக் கேட்கவே, செப்பனிடுபவரிடம் கொடுத்தார். அவர் திறந்து பார்த்ததில், உள்ளே இருந்த பாட்களில் (வால்யூம் திருகிக்கு அடியில் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் மின்பாகங்களில்) 137 என்று தொடங்கி அதன் பின் 73 என்று வரும் எண்கள் இருந்தன. பாடியில் (கிட்டாரின் மர உடலில்) பழைய பூச்சுக்கு மேல் மறுபூச்சு இருந்தது. நெக்கின் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தின்) அடியில் திகதி முத்திரை இருக்க வேண்டிய இடம் தேய்க்கப்பட்டிருந்தது. "இது 1973ஆம் ஆண்டுக் கிட்டார், நான் ஏமாந்துவிட்டேன்" என்று வாசகர் எழுதுகிறார். தனியாரிடம் வாங்கினால் சட்டம் கை கொடுக்காது என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். விரற்பலகை (நெக்கின் மேல் விரலால் அழுத்தும் பலகை) பிரேசில் ரோஸ்வுட் என்ற பாதுகாக்கப்பட்ட மரம் என்றால் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்று இன்னொருவர் பயமுறுத்தியிருக்கிறார். ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். அத்துடன் 1970களின் அமெரிக்க ஆம்பெக் ஒலிபெருக்கி ஒன்றும் அவரிடம் உண்டு. அதைப் போட்டு வாசிக்கும்போது ஒலிவாங்கியில் உதடு பட்டால் "சுள்" என்கிறதாம். மனைவியோ, வாங்கிய அதே விளம்பர வாசகத்தைப் போட்டு விற்றுத் தலைமுழுகிவிடச் சொல்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "ஓசை மட்டும் இன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சட்டத்தரணி, சுருதி கேட்கும் காது உண்டே தவிர பேஸ் கிட்டாரின் நுணுக்கங்களைக் கட்சிக்காரர்களிடமிருந்தே கற்றேன். ஆனாலும் அந்த வரி சட்டப்படியும் முக்கியமானது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை வைத்து. ஸ்கொட்லாந்தில் சில நடைமுறைகள் வேறுபடும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜூலை 18. கிட்டார் உங்கள் கைக்கு வந்து ஆறு மாதம் அன்று நிறைகிறது. விற்றவர் சட்டத்தின் கண்ணில் வணிகர் என்று நிறுவ முடிந்தால், அந்த ஆறு மாதத்துக்குள் கிட்டாரை ஏற்க மறுத்துவிடுவதற்கும் அதற்குப் பின் மறுப்பதற்கும் பண அளவில் பெரிய வேறுபாடு உண்டு. ஆகவே கீழே உள்ளதை முழுக்க வாசித்து யோசித்துக்கொண்டே காலம் கடத்தாமல், ஜூலை 10க்குள் உங்கள் முதல் கடிதம் விற்றவருக்குப் போய்விட வேண்டும்.

கையில் இருப்பது என்ன?

முழுக் கிட்டாரும் 1973இல் செய்யப்பட்டது என்ற உங்கள் முடிவு அவசரமானது. பாட்டில் உள்ள எண் அந்த உதிரிப்பாகம் செய்யப்பட்ட காலத்தைத்தான் சொல்கிறது. 137 என்பது சி.டி.எஸ். என்ற அமெரிக்க நிறுவனத்தின் குறி. அதைத் தொடர்ந்து ஆண்டும், அந்த ஆண்டில் எத்தனையாவது வாரம் என்பதும் வரும். கரகரக்கும் பாட்டைக் கழற்றிவிட்டுப் புதியது போடுவது அந்தக் காலத்தில் எந்த வானொலி திருத்தும் கடையிலும் நடந்த வேலை. 1973இலோ அதற்குப் பின்னோ யாரோ ஒருவர் பாட் மாற்றியிருக்கிறார் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் நிறுவாது.

மறுபக்கம், நீங்கள் அனுப்பிய படத்தில் விரற்பலகையின் ஓரத்தில் வெள்ளைக் கரை இல்லை. குறிகள் வட்டப் புள்ளிகளாக இருக்கின்றன. ஜாஸ் பேஸ் 1960இல் வெளிவந்தது. 1965 வாக்கில் விரற்பலகைக்குக் கரை வந்தது. 1966இலிருந்து புள்ளிகளுக்குப் பதிலாகச் செவ்வகக் கட்டங்கள் வந்தன. 1973இல் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய ஜாஸ் பேஸில் கரையும் கட்டங்களும் இருந்திருக்க வேண்டும். எனவே உங்கள் நெக் ஒன்றில் 1960களின் முற்பாதியைச் சேர்ந்தது, அல்லது அதைப் போலப் பிற்காலத்தில் வேறொருவர் செய்தது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் உங்கள் பணமும், பின்னால் நான் சொல்லப் போகும் ரோஸ்வுட் பிரச்சினையும் தொங்குகின்றன.

1964ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் நெக்கின் அடியில் பொதுவாக ஒரு மை முத்திரை இருக்கும்: மாதிரியைக் குறிக்கும் 7 என்ற எண், மாதம், ஆண்டு, கடைசியில் நெக்கின் அகலத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து. முத்திரை இல்லாதது மட்டும் போலி என்பதற்குச் சான்றல்ல. ஆனால் தேய்த்து அழிக்கப்பட்டிருப்பது வேறு விடயம், அதற்கு ஒரு காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு. பின்புறத் தகட்டில் "எல்" என்ற எழுத்தோடு தொடங்கும் இலக்கம் இருக்கிறது என்று ஆறுதல் கொள்கிறீர்கள். அந்தத் தகடு நான்கு திருகாணிகளால் பிடிக்கப்பட்டது. பத்து நிமிடத்தில் இன்னொரு கிட்டாருக்கு மாறக்கூடியது. அதன் மேல் அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள்.

மறுபூச்சுத்தான் விலையை உண்மையில் கீழே இழுப்பது. ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் 1965 ஜனவரியில் வாங்கியது. அதற்கு முந்தியவற்றைச் சேகரிப்பவர்கள் தனி வகுப்பாக மதிப்பதால்தான் 1964 என்ற எண்ணுக்கு இவ்வளவு விலை. அந்த வகுப்புக்குள்ளும் பழைய பூச்சு போய்விட்டால் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது இந்தத் துறை வணிகர்களின் பொதுவான கணக்கு. கேட்பதற்கு நல்ல ஒரு பேஸ் ஆயிரம் பவுணுக்குப் புதிதாகவே கிடைக்கும். மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சத்தை நீங்கள் கொடுத்தது "முழுக்க அசல்" என்ற இரண்டு சொற்களுக்கு. ஆகவே அந்தச் சொற்கள்தான் வழக்கின் மையம். விளம்பரத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்திருக்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் அவர் "பாட் கூட மாற்றவில்லை அண்ணா" என்று எழுதியதாகச் சொல்கிறீர்கள். அந்த உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். தொலைபேசி கடலில் விழுந்தாலும் அது இருக்க வேண்டும்.

தனியாரிடம் வாங்கினால் சட்டம் இல்லையா?

உண்டு. உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதிதான் சரி. தனியாள் ஒருவர் பழைய பொருளை விற்கும்போது அது நல்ல தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தைச் சட்டம் அவர் தலையில் ஏற்றுவதில்லை. கரகரத்த பாட்டுக்காக அவரிடம் காசு கேட்க முடியாது. ஆனால் விவரித்தபடியே பொருள் இருக்க வேண்டும் என்ற கடமை தனியாளுக்கும் உண்டு. 1979ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. உண்மையற்ற கூற்றை நம்பி ஒப்பந்தம் செய்தவருக்கு 1967ஆம் ஆண்டு பிழைக்கூற்றுச் சட்டமும் நட்டஈட்டுக்கு வழி தருகிறது. "திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற வரி வணிகரின் வாயிலிருந்து வந்தால் செல்லாது. தனியாளின் வாயிலிருந்து வந்தால், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். அசல் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் அதற்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்பதை நியாயம் என்று வாதிடுவது எளிதல்ல.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு தகவலுக்கு வருகிறேன். அதே ஆள் கடந்த ஓராண்டில் பதினொரு கிட்டார்களை விளம்பரம் செய்திருக்கிறார் என்று சொல்கிறீர்கள். "தனிப்பட்ட விற்பனை" என்று எழுதிவிட்டால் ஒருவர் தனியாளாகிவிட முடியாது. தொடர்ந்து வாங்கி இலாபத்துக்கு விற்பவர் வணிகர்தான். அப்படி நிறுவினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டம் பொருந்தும். முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்குக் கடந்துவிட்டது. அதன் பின் முதலில் திருத்தித் தரவோ மாற்றித் தரவோ கேட்க வேண்டும். ஆனால் 1964ஐத் திருத்தி உருவாக்க முடியாது, அதே போல இன்னொன்றை எடுத்துத் தரவும் முடியாது. எனவே நேராக அடுத்த படிக்குப் போகலாம்: விலையில் உரிய குறைப்பு, அல்லது கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறுதல். ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால், இதுவரை வாசித்ததற்கு என்று அவர் ஒரு பென்னியும் கழிக்க முடியாது. ஜூலை 18ஐ முதலில் சொன்னது இதனால்தான்.

இங்கே உங்கள் பக்கத்தில் ஒரு மெல்லிய இடம் இருக்கிறது. அந்தச் சட்டம் நுகர்வோரைக் காக்கிறது. நுகர்வோர் என்பவர் முழுவதுமாகவோ பெரும்பாலுமோ தன் தொழிலுக்குப் புறம்பான தேவைக்காக வாங்குபவர். நீங்களோ கூலிக்கு வாசிப்பவர். வார இறுதியில் கிடைக்கும் அந்தப் பணம் உங்கள் வருமானத்தில் எவ்வளவு, கிட்டார் வீட்டிலும் வாசிக்கப்படுகிறதா, வருமான வரிக் கணக்கில் அதைத் தொழிற்செலவாகக் காட்டினீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். தொழிற்செலவாகக் காட்டியிருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள்; அப்போது வழியை மாற்றி, 1979, 1967 சட்டங்களின் மேல் மட்டும் நிற்கலாம். நுகர்வோர் அல்ல என்று விற்றவர் வாதிட்டால் அதை அவர்தான் நிறுவ வேண்டும் என்பது உங்களுக்குச் சாதகமான புள்ளி.

தாமதத்தைப் பற்றியும் ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும். 1944இல் ஒருவர் லண்டன் ஓவியக் கூடம் ஒன்றில், ஜான் கான்ஸ்டபிள் என்ற புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் வரைந்தது என்று சொல்லப்பட்ட சாலிஸ்பரி தேவாலய ஓவியத்தை 85 பவுணுக்கு வாங்கினார். ஐந்து ஆண்டு கழித்து விற்கப் போனபோதுதான் அது கான்ஸ்டபிள் வரைந்ததல்ல என்று தெரிந்தது. விற்றவர் ஏமாற்றும் எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் பணத்தைத் திருப்பித் தரக் கேட்ட அவருக்கு 1950இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தை அவிழ்ப்பதற்குக் காலம் கடந்துவிட்டது என்று சொன்னது. நட்டஈடு கேட்க ஆறு ஆண்டு வரை அவகாசம் இருப்பது உண்மையே. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. உண்மை தெரிந்த பிறகும் நீங்கள் சனிக்கிழமைதோறும் அதே கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையேறினால், "பிடித்துத்தானே வைத்திருக்கிறார்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். "ஓசை பிடித்திருக்கிறது" என்ற வரியை இப்போது விற்றவருக்கு எழுதிவிடாதீர்கள் என்பதற்கும் காரணம் இதுவே.

திருப்பிக் கொடுப்பதா, விலைக்குறைப்பா என்று என்னைக் கேட்டால், உண்மையில் ஓசை பிடித்திருந்தால், விலைக்குறைப்பைக் கேட்பது உங்களுக்கு நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுபூச்சுப் பூசிய கிட்டார் மேடைக்கு உகந்தது. ஒரு கீறல் விழுந்தால் ஆயிரம் பவுண் போய்விடுமோ என்று நடுங்க வேண்டியதில்லை. ஆனால் நெக் 1960களைச் சேர்ந்ததே அல்ல என்று நிபுணர் சொன்னால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வழக்கு வரை போனால், 10,000 பவுண் வரையிலான பணக் கோரிக்கைகள் பொதுவாகச் சிறு கோரிக்கைப் பிரிவில் கேட்கப்படும். அங்கே வென்றாலும் தோற்றாலும் பொதுவாக அவரவர் சட்டத்தரணிச் செலவு அவரவருக்கு. நிபுணரின் அறிக்கைக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அவரது கட்டணத்தில் எதிர்த்தரப்பிடமிருந்து 750 பவுணுக்கு மேல் பெற முடியாது. 2024 மே முதல் இத்தகைய கோரிக்கைகளில் இலவசத் தொலைபேசி மத்தியஸ்தத்துக்கு இரு தரப்பும் இணங்கியே ஆக வேண்டும். பெரும்பாலான கிட்டார்த் தகராறுகள் அந்த ஒரு மணி நேரத்தில் முடிவதற்கே தகுதியானவை. கடனட்டையில் ஒரு பகுதியையாவது கட்டியிருந்தால் அட்டை நிறுவனத்திடமும் கேட்டிருக்கலாம்; வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்த வழி இல்லை.

கடிதத்தில் எழுதக் கூடாத ஒரு வரி

உங்கள் முதல் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். என்ன சொல்லி விற்றார், என்ன கண்டுபிடிக்கப்பட்டது, நீங்கள் கேட்பது என்ன, 14 நாட்களுக்குள் பதில் வேண்டும். இவ்வளவு போதும். "பணத்தைத் தராவிட்டால் பொலிஸிடம் சொல்வேன், ரோஸ்வுட் அதிகாரிகளிடம் காட்டிக் கொடுப்பேன்" என்று எழுத நினைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த வரியை எழுதவே எழுதாதீர்கள். பொலிஸில் முறையிடுவது உங்கள் உரிமை. வழக்குப் போடுவேன் என்று சொல்வதும் முறையானது. ஆனால் குற்ற முறைப்பாட்டைக் காட்டி மிரட்டிப் பணம் கேட்பது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றத்தின் எல்லைக்குள் உங்களையே கொண்டுபோய் நிறுத்தக்கூடும். முகநூல் குழுக்களில் அவரைக் "கள்ளன்" என்று பெயரோடு போடுவதும் வேண்டாம். அவருக்கே உண்மை தெரியாமல் வேறொருவரிடம் வாங்கி விற்றிருந்தால், அவதூறு வழக்கில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ரோஸ்வுட்டும் யாழ்ப்பாணப் பயணமும்

ஃபெண்டர் 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. அதன் பின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது நம் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். அழியும் ஆபத்திலுள்ள விலங்கு, தாவரங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. ஈட்டி உள்ளிட்ட மற்ற வகைகள் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. 2019 நவம்பர் முதல் அந்த வகைகளால் செய்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அந்த விலக்கு பிரேசில் மரத்துக்கு இல்லை. இணையத்தில் "ரோஸ்வுட் தடை நீங்கிவிட்டது" என்று நீங்கள் வாசித்தது இந்த வேறுபாட்டை விட்டுவிட்ட அரை உண்மை.

நண்பர் பயமுறுத்தியதுபோல, வீட்டில் வைத்திருப்பதற்காக யாரும் வந்து தூக்கிச் செல்லமாட்டார்கள். வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் இந்த நாட்டில் அதை விற்பதற்கு "பத்தாம் உறுப்புச் சான்றிதழ்" வேண்டும். விலங்கு, தாவர நல முகமையிடம் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தடைவிதி விற்பனையை மட்டும் சொல்லவில்லை. வாங்குதல், வணிக ஆதாயத்துக்குப் பயன்படுத்துதல் என்ற சொற்களும் அதில் உள்ளன. உங்கள் விற்பனையில் சான்றிதழ் என்ற பேச்சே எழவில்லை. ஆகவே மரம் எது என்று நிபுணர் எழுத்தில் சொன்ன பிறகு, முகமைக்கு எதையும் எழுதுமுன், இந்த ஒரு விடயத்துக்காக மட்டும் ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள். இங்கே ஒரு விசித்திரத்தையும் கவனியுங்கள்: நெக் அசல் 1964 என்றால் விலை நிற்கும், சான்றிதழ்ச் சிக்கல் வரும், நெக் பிற்காலத்து ஈட்டி மரம் என்றால் சான்றிதழ் வேண்டாம், விலை போய்விடும். விற்றவர் எந்தப் பக்கம் நின்றாலும் ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். இசைக்கலைஞர்கள் தங்கள் கருவியோடு எல்லை கடப்பதற்கென்றே சைட்டிஸில் இசைக்கருவிச் சான்றிதழ் ஒன்று உண்டு. மூன்று ஆண்டு வரை செல்லும், கூலிக்கு வாசிப்பதும் அதற்குள் அடங்கும், வெளிநாட்டில் விற்பதற்கு மட்டும் அனுமதி இல்லை. ஆனால் மரம் எது, எப்போது பெறப்பட்டது என்று விண்ணப்பத்தில் நிறுவ வேண்டும். இன்று உங்களால் அது முடியாது. இலங்கை 1979 முதல் இந்த உடன்படிக்கையில் இருக்கிறது, ஆகவே இங்கே தப்பினாலும் அங்கே நிற்க வேண்டிவரும். யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல பேஸ் கிட்டாரை இரவல் வாங்க முடியாத நிலையில் நம் ஊர் இசைக்குழுக்கள் இல்லை.

அதுவரை கிட்டாரை என்ன செய்வது?

தகராறு தீரும்வரை ஃபிரெட் (விரற்பலகையில் பதித்த உலோகக் கம்பிகள்) மாற்றவோ, கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பை எடுத்துப் புதியது போடவோ, பாட்டை மீண்டும் பற்றவைக்கவோ வேண்டாம். பழைய ஈயப் பற்றுகளே சான்று. பூச்சின் வயதைப் புற ஊதா விளக்கில் பார்க்கும் நிபுணருக்கு அது துடைத்து மெருகேற்றப்படாமல் இருக்க வேண்டும். செப்பனிடுபவரிடம், கண்டதைப் படங்களோடு கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பாகக் கேளுங்கள். ஃபிரெட் மாற்றினால் விலை போய்விடும் என்ற உங்கள் பயம் பெரிதுபடுத்தப்பட்டது. வாசிக்கும் கருவியில் ஃபிரெட் தேய்வது இயல்பு. நல்ல கையால் மாற்றியதைச் சந்தை மன்னிக்கும். ஆனால் அதைத் தகராறு முடிந்த பிறகு செய்யுங்கள்.

காப்புறுதியைப் பார்த்தீர்களா? வீட்டுக் காப்புறுதியில் கிட்டாரைச் சேர்த்துவிட்டதாக எழுதுகிறீர்கள். கூலிக்கு வாசிப்பதைப் பல வீட்டுக் காப்புறுதிகள் ஏற்பதில்லை, ஆளில்லாத வாகனத்தில் இரவு விட்ட கருவியையும் ஏற்பதில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் முதல் ஹோஃப்னர் பேஸ் 1972 அக்டோபரில் நொட்டிங் ஹில்லில் நின்ற வாகனத்தின் பின்புறத்திலிருந்துதான் திருட்டுப்போனது. அது திரும்பிவிட்டது என்ற செய்தி 2024 பெப்ரவரியில் வந்தது. அவருக்கு உலகமே தேடிக் கொடுத்தது. நமக்கு அப்படித் தேட ஆளில்லை. மேலும் 9,200 பவுண், அசல் 1964 என்று காப்புறுதி நிறுவனத்திடம் எழுதியிருக்கிறீர்கள். புதுப்பிக்கும்போது, இப்போது தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள்.

அந்த ஒலிபெருக்கி

இதை ஒரு சிறு தொல்லையாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் மிக அவசரமானது. உதட்டில் "சுள்" என்றால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. உங்கள் உடல் அதன் இடத்தை நிரப்புகிறது. ஆம்பெக் எஸ்.வி.டி. வகை 1969இல் வந்தது. 300 வாட் வால்வு ஒலிபெருக்கி, உள்ளே 600 வோல்ட்டுக்கு மேல் ஓடும். நீங்கள் 240 வோல்ட்டை 120 ஆக்கும் மாற்றிப் பெட்டியை இடையில் வைத்திருக்கிறீர்கள். எர்த் கம்பி அதன் வழியாகத் தொடர்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1972இல் சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற ஸ்கொட்லாந்துக் கிட்டார்க் கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். இந்தச் சனிக்கிழமையிலிருந்து அதைச் சுவரில் செருகாதீர்கள். வால்வு ஒலிபெருக்கி தெரிந்த தொழில்நுட்பவியலாளர் பார்த்த பிறகு செருகுங்கள். நீங்களே மூடியைத் திறக்கவும் வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் கொல்லும் அளவுக்கு மின்னைத் தேக்கி வைத்திருக்கும்.

மண்டபக்காரர் பி.ஏ.டி. எனப்படும், எடுத்துச் செல்லும் மின்கருவிகளின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கேட்பது சட்டமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சோதனையைச் சட்டம் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் 1989ஆம் ஆண்டு வேலைத்தள மின்சார ஒழுங்குவிதிகள், ஆபத்து வராதபடி கருவியைப் பராமரிக்கும் கடமையைச் சுயதொழில் செய்பவருக்கும் விதிக்கின்றன. உங்கள் பாடகிக்கு ஏதாவது நேர்ந்தால், "சுள்" என்றது உங்களுக்கு முன்பே தெரியும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பொதுப் பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் குழு இயங்கக் கூடாது. இசைக்கலைஞர் சங்க உறுப்பினர்களுக்கு அது உறுப்புரிமையோடு வருகிறது.

உங்கள் மனைவி சொன்ன வழி

அவருடைய அலுப்பு எனக்குப் புரிகிறது. 9,200 பவுண் உங்கள் இருவரின் சேமிப்பு. ஆனால் விற்றவர் ஜனவரியில் அந்த விளம்பரத்தைப் போட்டபோது அது பொய் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அதே வாசகத்தை நீங்கள் இன்று போட்டால் தெரிந்தே போடுகிறீர்கள். 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. செப்பனிடுபவரின் படங்கள் உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

பணமோ விலைக்குறைப்போ கிடைத்து, பின்னொரு நாள் இதை விற்க நேர்ந்தால், மரத்துக்குச் சான்றிதழ் தேவை என்றால் அதை முதலில் பெற்றுக்கொண்டு, விளம்பரத்தை இப்படி எழுதுங்கள்: "ஃபெண்டர் ஜாஸ் பேஸ். தகட்டில் எல் வரிசை இலக்கம். பாடிக்கு மறுபூச்சு. பாட்கள் 1973ஆம் ஆண்டுக்குரியவை. நெக்கில் திகதி முத்திரை அழிந்துள்ளது. நெக் பற்றிய நிபுணர் அறிக்கை இணைப்பில். நேரில் வந்து திறந்து பார்த்து வாங்கலாம்."